பெயரெச்சமும் ஒரு மனுவும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கில இலக்கணத்திற்கு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. ஆயினும், ஆங்கில வாக்கியம் ஒன்றை நாம் பிழைபட எழுதிய பின்னரே தமிழ் இலக்கணத்தின் அருமை நமக்குப் புலனாயிற்று. அப்பிழையால் ஓர் ஏழைக் குடும்பம் இழந்தது உண்டு. நாம் கற்றதும் உண்டு. அக்குடும்பத்திற்கு நாம் பட்ட கடனை ஒரு கட்டுரையால் தீர்த்துவிட இயலாது. எனினும், இனிப் பேனா பிடிக்கும் இளைஞர் ஒருவரேனும் அத்தகைய பிழையினின்று தப்புவாராயின் அதுவே போதும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

கிளாஸ் என்னும் சொல்

வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடைச் சிற்றூர் ஒன்று நம்முடையது. பள்ளி இறுதி வரையில் தமிழ்வழியிலேயே பயின்றோம். ஒருநாள் ஆங்கில ஆசிரியர் வகுப்பில் 'கிளாஸ்' என்று தொடங்கினார். நமக்குத் தெரிந்த கிளாஸ் இரண்டே: ஒன்று, நாம் அமர்ந்திருந்த வகுப்பு, மற்றொன்று, கடைத்தெருவில் தேநீர் தரும் கண்ணாடிக் குவளை. வாக்கியத்திற்குள்ளும் ஒரு கிளாஸ் உண்டு என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் தந்த பாடம் மனப்பாடமாயிற்று. எழுவாயும் பயனிலையும் கொண்டு ஒரு பெரிய வாக்கியத்தின் உறுப்பாக நிற்பது கிளாஸ். தனித்து நின்று பொருள் தருவது முதன்மைத் தொடர். அதனைச் சார்ந்தே நிற்பது சார்புத் தொடர். சார்புத் தொடர் பெயர் போல நிற்கும், பெயரடை போல நிற்கும், வினையடை போல நிற்கும் என மூவகைப்படும்.

தேர்வுக்கு ஒரு குறுக்கு வழியும் வழங்கி வந்தது. 'ஹூ', 'விச்' வந்தால் பெயரடைத் தொடர். 'இஃப்', 'வென்' வந்தால் வினையடைத் தொடர். 'தட்', 'வாட்' வந்தால் பெயர்த் தொடர் என்று எழுதிவிடுவோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். "அவர் யார் என்பதை அறிவேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அதே 'ஹூ' பெயர்த் தொடரைத் தொடங்கி வைக்கிறதே என்று நாம் கேட்டதில்லை. சொல்லைப் பார்த்தோமேயன்றி, அது வாக்கியத்தில் செய்யும் தொழிலைப் பார்த்தோமில்லை.

நம் மண்ணுக்கு ஆங்கிலம் நேற்று வந்ததன்று. 1780களிலேயே சுவார்ட்சு பாதிரியார் தஞ்சையில் ஆங்கிலப் பள்ளி நிறுவ வழி செய்தார். 1854இல் கும்பகோணத்தில் தோன்றிய அரசுப் பள்ளி பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. 1869இல் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் தம் ஆங்கிலப் பேச்சால் 'வெள்ளி நாவினர்' என்று உலக அரங்குகளில் புகழப்பெற்றார். அதே கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜனோ, அவ்வூர் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேர்ச்சி பெறாமையால் 1905ஆம் ஆண்டளவில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் 1913இல் அவர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதமே உலகின் வாயிலைத் திறந்தது. ஒரே ஆற்றங்கரையில் ஆங்கிலம் ஒருவருக்கு ஏணியாகவும், மற்றொருவருக்கு முதலில் பூட்டிய கதவாகவும் இருந்திருக்கிறது. நமக்கு அது மூன்றே வாக்கியங்கள் கொண்ட ஒரு மனுவாக வந்து சேர்ந்தது.

மூன்று வாக்கியங்கள்

1986ஆம் ஆண்டு. தை அறுவடை முடிந்திருந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்று வந்த நாம் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓரிரவு அரிக்கேன் விளக்கோடு திண்ணைக்கு வந்தார். கணவரை இழந்தவர். இருந்த இரண்டு மா நிலத்தை ஒத்தி வைத்து, மகனை வளைகுடா நாட்டுக்கு அனுப்ப ஒரு முகவரிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்திருந்தார். ஓராண்டாகியும் விசா வரவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்று 1983ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அச்சட்டம் அந்தத் திண்ணை வரை வந்து சேரவில்லை. மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் மனுப்போட்டால் கவனிப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காலேசுல படிக்கிறே, நீயே எழுது தம்பி" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். அவர் சொன்னது இவ்வளவே: "பணங் கொடுத்த ஏஜெண்டு நாளைக்கு நாளைக்குன்னு இழுக்கிறான். இப்ப எங்க இருக்கான்னே தெரியலை. பணம் திரும்ப வராட்டி நெலத்த மீட்க முடியாது."

திண்ணையில் இருந்த எவருக்கும் இதில் ஐயம் எழ இடமில்லை. நாம் அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினோம். பணங் கொடுத்த ஏஜெண்டு என்பது 'தி ஏஜென்ட் ஹூ கேவ் மனி' ஆயிற்று. எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை என்பது 'வி டோன்ட் நோ வேர் இஸ் ஹி' ஆயிற்று. பணம் வராவிட்டால் என்பது 'அன்லெஸ் தி மனி டஸ் நாட் கம்' ஆயிற்று. பெயரடை, பெயர், வினையடை என்னும் மூவகைச் சார்புத் தொடர்களும் அம்மனுவில் இருந்தன; மூன்றிலும் பிழை இருந்தது. கையெழுத்து அழகாயிருந்தது என்று ஊரார் பாராட்டினர்.

ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து மறுமொழி வந்தது. முகவர் பணம் கொடுத்ததாக மனுவில் கூறப்பட்டுள்ளது. அவ்வாறாயின் மனுதாரரின் குறை யாது என்பதைத் தெளிவுபடுத்துக என்று அதில் கண்டிருந்தது. எழுதியவர் மீது பிழையில்லை. கொடுத்தவரையும் பெற்றவரையும் நாமே இடம் மாற்றி வைத்திருந்தோம். போதாக்குறைக்கு, பணம் வந்தால்தான் நிலத்தை மீட்க முடியாது என்ற பொருளில் முடித்தும் இருந்தோம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியரிடம் ஓடினோம். அவர் சிரிக்கவில்லை. அந்தம்மா தமிழில் எப்படிச் சொன்னார் என்று கேட்டார். சொன்னோம். மனுவைத் தம் கையாலேயே திருத்தி எழுதித் தந்துவிட்டு, "உனக்கு ஆங்கிலம் தெரியாததால் வந்த பிழையன்று இது. உன் தமிழை நீ உற்றுப் பார்க்காததால் வந்தது. தமிழ் ஐயாவிடம் போய்ப் பெயரெச்சம் என்றால் என்ன என்று கேள்" என்றார்.

அறுத்த என்னும் ஒரு சொல்

தமிழ் ஐயா கரும்பலகையில் 'அறுத்த' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதினார். இதன் பொருள் முடிந்ததா என்றார். இல்லை என்றோம். முடியாமல் எஞ்சி நிற்பதனால் எச்சம். பெயர் கொண்டு முடிவதனால் பெயரெச்சம் என்றார். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கே எச்சவியல் என்று பெயரிட்டார் என்பதையும் நினைவூட்டினார். பின்னர், நன்னூல் கூறும் ஆறு பொருளையும் நம் களத்திலிருந்தே அடுக்கினார்: அறுத்த ஆள், அறுத்த அரிவாள், அறுத்த வயல், அறுத்த அறுப்பு, அறுத்த நாள், அறுத்த நெல். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறும் வந்துவிட்டன.

"சொல் மாறியதா?" என்றார். மாறவில்லை. ஆறிடத்தும் 'அறுத்த' ஒன்றே. ஆள் அறுப்பவன், அரிவாள் அறுக்கும் கருவி, நெல் அறுபடுவது என்னும் உறவைச் சொல் காட்டவில்லை. கேட்பவரின் உலகியல் அறிவே காட்டியது. இனி இவற்றை ஆங்கிலத்தில் சொல் என்றார். ஆளுக்கு 'ஹூ' வந்தது. அரிவாளுக்கு 'வித் விச்' வேண்டியிருந்தது. வயலுக்கு 'இன் விச்', நாளுக்கு 'ஆன் விச்' என ஒவ்வொன்றும் தன் உறவை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வந்தது. வயலுக்கும் நாளுக்கும் 'வேர்', 'வென்' என்பனவும் பொருந்தும். அரிவாளைக் கையில் கொடுத்த பின்னரும், அதைக்கொண்டு யார் அறுத்தார் என்ற எழுவாயையும் ஆங்கிலம் கேட்டது. 'அறுத்த' என்பதில் காலம் உண்டு. நான், நீ, அவர் என்னும் இடம் காட்டும் ஈறு இல்லை. ஆங்கிலச் சார்புத் தொடருக்கோ அதற்கென ஓர் எழுவாயும் ஒரு வினைமுற்றும் இருந்தாக வேண்டும்.

பெரியம்மா சொன்ன தொடருக்கு அப்போது வந்தோம். பணத்தைப் பெறுபவர் நன்னூலின் அறுவகையுள் இல்லை. தொழிலுக்குரிய முதனிலை எட்டு என்று தொல்காப்பியம் கூறுவனவற்றுள் 'இன்னதற்கு' என்பதனுள் அடங்குவார். "பணம் கொடுத்த முகவர்" என்பதில் எழுவாய் மறைந்து நிற்கிறது. முகவரே கொடுத்தார் என்றும் கொள்ளலாம். முகவருக்கு நாங்கள் கொடுத்தோம் என்றும் கொள்ளலாம். திண்ணையில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். ஆதலின் ஐயம் எழவில்லை. காகிதத்தை மட்டும் காணும் அலுவலருக்கு அஃது எங்ஙனம் தெரியும்? 'தி ஏஜென்ட் டு ஹூம் வி கேவ் மனி' என்று எழுதியிருக்க வேண்டும். 'டு', 'வி' என்னும் இரு சிறு சொற்களும், 'ஹூ' என்பது 'ஹூம்' எனத் திரிந்த ஒரு திரிபுமே ஒரு குடும்பத்திற்கும் அதன் நிலத்திற்கும் நடுவே நின்றன.

திராவிட மொழிகள் இவ்விடத்தில் சார்புப் பிரதிப்பெயர்களை ஆளாமல் எச்சங்களை ஆளுகின்றன என்பதை 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். அஃது ஒரு குறையன்று, வேறொரு வழி. தமிழ் அடையை முன்னே வைத்துப் பெயரைப் பின்னே வைக்கும். ஆங்கிலம் பெயரை முன்னே நிறுத்தி விளக்கத்தைப் பின்னே விடும். நம் வகுப்பில் மதரஸாவில் ஓதிவிட்டு வந்த தோழர் ஒருவர் இருந்தார். அரபியும் ஆங்கிலத்தைப் போலப் பெயருக்குப் பின்னரே விளக்கத்தை வைக்கும் என்று அவர் விளக்கினார். ஆணுக்கு 'அல்லதீ', பெண்ணுக்கு 'அல்லத்தீ' என்று இணைப்புச் சொல் மாறும். 'அவருக்கு' என்று சுட்டும் ஒரு சிறு ஈறும் உள்ளே மீண்டும் வரும். ஆதலின் கொடுத்தவரும் பெற்றவரும் அரபியில் மயங்கார் என்றார். மூன்று மொழிகளை அருகருகே வைத்தபோது, பள்ளியில் மனப்பாடமாக இருந்தது அறிவாக மாறியது.

மற்றோர் உறவும் அன்று தெரிந்தது. மக்களுக்கு 'ஹூ', பிறவற்றுக்கு 'விச்' என்று நாம் உருப்போட்டது நம் உயர்திணை, அஃறிணைப் பாகுபாடே. நம் வீட்டுப் பொருளையே அயலார் கடையில் விலை கேட்டுக்கொண்டிருந்தோம்!

மேட்டூர் திறந்தால்

வினையடைத் தொடருக்கு ஐயா காவிரியையே துணைக்கு அழைத்தார். 1934 முதல் நம் டெல்டாவின் பயிர்க் காலத்தை ஆண்டுவருவது மேட்டூர் அணை. ஜூன் 12 அதன் வழக்கமான திறப்பு நாள். அந்நாளில் திறக்குமா, திறக்காதா என்பதே குறுவையின் தலையெழுத்து. ஆகவே, 'திற' என்னும் வினைக்கு நம் உழவர் எத்தனை எச்ச வடிவங்களை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

'திறந்தால்' என்பது 'இஃப்'. 'திறந்தபோது' என்பது 'வென்'. 'திறந்ததனால்' என்பது 'பிகாஸ்'. 'திறந்தும்' பயிர் காய்ந்தது எனின் 'ஆல்தோ'. 'திறந்தாலும்' காயும் எனின் 'ஈவன் இஃப்'. முன்னது நடந்துவிட்டதைச் சொல்லும். பின்னது நடக்கக்கூடியதைச் சொல்லும். இவ்வேறுபாட்டைக் கடைமடை உழவர் ஒருபோதும் பிழைபடச் சொல்லமாட்டார். ஆங்கிலத்தில் மட்டும் நாம் தடுமாறுகிறோம். நாளை திறந்தால் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'இஃப்' தொடருக்குள் 'வில்' வைப்பது மாணவர்களின் வழக்கமான பிழை. 'திறந்தால்' என்னும் தமிழ்ச் சொல்லில் எதிர்கால இடைநிலை எங்கே இருக்கிறது? தமிழை நோக்கியிருந்தாலே அப்பிழை வந்திராது. 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' சேர்ப்பதும் அவ்வாறே. 'மழை பெய்தும், ஆனால் பயிர் காய்ந்தது' என்று தமிழில் எவரேனும் சொல்வாரா?

ஆனால், தமிழை அப்படியே பின்பற்றினால் வழுக்கும் இடமும் ஒன்று உண்டு. 'திறக்காவிட்டால்' என்பதில் எதிர்மறை வினைக்குள்ளேயே இருக்கிறது. 'அன்லெஸ்' என்பதிலோ எதிர்மறை இணைப்புச் சொல்லுக்குள் இருக்கிறது. அதன்பின் மற்றொரு 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகும். பெரியம்மாவின் மூன்றாம் வாக்கியத்தைக் கெடுத்தது அதுவே.

என்று என்னும் இணைப்பு

பெயர்த் தொடருக்கு நம்மிடம் 'என்று' இருக்கிறது. தொல்காப்பியர் எண்ணும் பத்து எச்சங்களுள் 'என' என்பதும் ஒன்று. எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை என்னும்போது, நாம் வினாவை வினாவாகவே வைத்து 'என்று' கொண்டு கட்டிவிடுகிறோம். உள்ளே இருக்கும் சொற்கள் இடம்பெயர்வதில்லை. ஆங்கிலத்தில் வினா வாக்கியம் ஒன்று பெரிய வாக்கியத்தின் உறுப்பாகிவிட்டால், அது தன் வினா நடையைக் களைந்து செய்தி நடைக்குத் திரும்ப வேண்டும். 'வேர் இஸ் ஹி' என்பது 'வேர் ஹி இஸ்' ஆக வேண்டும். "நான் நாளை வருவேன் என்று சொன்னான்" என்பதை மாற்றும்போதும் விழிப்பு தேவை. தமிழில் அந்த 'நான்' சொன்னவனையே குறிக்கும். ஆங்கிலத்தில் 'தட்' இட்டு எழுதினால் அவ்விடத்தில் 'ஹி' வர வேண்டும். 'ஐ' என்று விட்டுவிட்டால் வாக்குக் கொடுத்தவர் கடிதம் எழுதியவராகிவிடுவார்.

காற்புள்ளி பற்றியும் ஒரு சொல். வெள்ள நிவாரணம் கேட்டு ஊரார் மனு எழுதுவதாகக் கொள்வோம். 'மூழ்கிய வயல்களுக்கு இழப்பீடு வேண்டும்' என்பதை ஆங்கிலமாக்கும்போது, 'விச்' தொடரின் இருபுறமும் காற்புள்ளி இட்டால் குறிப்பிட்ட வயல்கள் எல்லாமே மூழ்கின என்றாகும். இடாவிட்டால் மூழ்கியவற்றுக்கு மட்டும் கேட்பதாகும். நம் பெயரெச்சம் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. ஆதலின் நாம் எதைக் கருதினோம் என்பதை முதலில் நமக்கு நாமே தெளிவாக்கிக்கொண்டு பேனாவை எடுத்தல் நலம்.

நிறைவாக

திருத்திய மனு சென்றது. அதற்குள் முகவர் தம் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டிருந்தார். பணம் திரும்பவில்லை, ஒத்தி வைத்த நிலமும் மீளவில்லை. முதல் மனுவே ஒழுங்காக இருந்திருந்தால் மீண்டிருக்குமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் அந்த இரண்டு மாதங்களை அவரிடமிருந்து பறித்தது நம் பேனா. பெரியம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ என்ன தம்பி பண்ணுவே, நான் சொன்னதைத்தானே எழுதினே" என்றார். அச்சொல்லைப் போல நம்மைச் சுட்டது பிறிதொன்றில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதினோம். அவர் கருதியதை எழுதவில்லை.

அதன்பின் நாம் தமிழையே சிறப்புப் பாடமாக எடுத்துப் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலக்கணம் கற்பித்து வருகிறோம். பெயரெச்சம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் 'அறுத்த' என்று எழுதிவிட்டு, அதனருகே 'பணம் கொடுத்த முகவர்' என்றும் எழுதுவோம்.

மாணவச் செல்வங்களே! இன்று கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறது. அதுவும் நீங்கள் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் திண்ணையில் அமர்ந்து கேட்டதில்லை. ஆகவே ஒரு கடிதத்தை அனுப்புமுன், அதிலுள்ள ஒவ்வொரு சார்புத் தொடரையும் நோக்கி மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? யாருக்கு, எதைக்கொண்டு, எங்கே செய்தார்? இத்தொடர் எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது? விடை தமிழில் தெளிவாக வந்தால் ஆங்கிலம் தானே பின்தொடரும்.

எழுதத் தெரியாத பெரியவர் ஒருவர் நாளை உங்கள் வாயிலுக்கும் விளக்கோடு வருவார். அவர் சொல்வதை முழுதும் கேளுங்கள். மறைந்து நிற்கும் எழுவாயை அவரிடமே கேட்டறிந்து, அதன் பிறகு எழுதத் தொடங்குங்கள்.